பழ ஐஸ்கிரீம் சாண்ட்விச்: கல்லாக உறையாமல், கடித்தால் பிதுங்காமல் வீட்டிலேயே செய்வது எப்படி?

கேள்வியின் சாரம் இது: வெயில் காலத்துக்காகப் பழம் போட்ட ஐஸ்கிரீம் சாண்ட்விச்சை வீட்டில் செய்தால், ஐஸ்கிரீம் பாறையாக இறுகிவிடுகிறது, வாயில் ஐஸ் நறநறக்கிறது. பிஸ்கட் ஒன்று பல் இறங்காத அளவு கெட்டியாகிறது, அல்லது நமத்துப் பிய்ந்து போகிறது. எப்படியோ கடித்தால் நடுவில் இருப்பது நாலாபுறமும் பிதுங்குகிறது. ஐஸ்கிரீம் மெஷினும் கிடையாது. என்ன செய்யலாம்?

மெஷின் இல்லாமலே அருமையாகச் செய்யலாம். இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன: பழத்தில் இருக்கும் தண்ணீர். ஸ்ட்ராபெரியின் எடையில் சுமார் 90 சதவீதம் தண்ணீர்தான். மாம்பழத்தில் 80 சதவீதத்துக்குச் சற்று மேல். பழத்தை மிக்ஸியில் அடித்து அப்படியே கிரீமில் கலந்தால், நல்ல கொழுப்புள்ள கிரீமைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்கிறோம். அந்தத் தண்ணீர் ஃப்ரீசரில் பெரிய பெரிய ஐஸ் படிகங்களாக உறையும். நாக்கில் நறநறப்பது அதுதான். கொஞ்சம் உருகினால் அதே தண்ணீர் பிஸ்கட்டுக்குள் இறங்கி அதை நமக்க வைக்கும். அதனால் முதலில் பழத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பழம் சரியாக அமைந்துவிட்டால் மற்ற வேலைகள் சுலபம்.

தண்ணீரைக் குறைக்க நேரான வழி, சுண்டக் காய்ச்சுவது. அரை கிலோ ஸ்ட்ராபெரியை நறுக்கி, 50 கிராம் சர்க்கரை சேர்த்து, அகலமான அடிகனமான பாத்திரத்தில் மிதமான தீயில் வையுங்கள். பாத்திரம் அகலமாக இருந்தால் நீராவி சீக்கிரம் வெளியேறும், பழம் அதிக நேரம் வேக வேண்டியதில்லை, வாசனையும் அவ்வளவாகப் போகாது. 15 முதல் 20 நிமிடத்தில் அளவு பாதியாகி, சுமார் 250 கிராம் வரும். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அது உடனே மூடிக்கொள்ளாமல் ஓரிரு நொடி நிற்க வேண்டும். அதுதான் பதம். இறக்கும்போது இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். புளிப்பு பழச்சுவையைத் தூக்கிக் காட்டும், சிவப்பு நிறத்தையும் காப்பாற்றும். ஸ்ட்ராபெரி, ப்ளூபெரி போன்ற பழங்களின் நிறமி புளிப்பில் சிவப்பாகவும், புளிப்பு குறையக் குறைய நீலம் கலந்தும் தெரியும். ப்ளூபெரியைப் பாலில் கலந்தால் மங்கிய சாம்பல் ஊதா நிறம் வருவதற்குக் காரணம் இதுதான். எலுமிச்சை சேர்த்தால் நிறம் ஓரளவு மீண்டும் தெளியும்.

சமைத்த பழத்தில் ஜாம் வாசனை வந்துவிடுகிறது, பச்சைப் பழத்தின் மணம் வேண்டும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். பழத் துண்டுகளை முதலில் ஃப்ரீசரில் உறைய வைத்து, பிறகு சல்லடையில் போட்டு, கீழே ஒரு கிண்ணம் வைத்து, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே உருக விடுங்கள். உறையும்போது பழத்தின் செல்கள் உடைந்துவிடுவதால் சாறு தானாக வடியும். வடிந்த சாற்றை மட்டும் காய்ச்சிப் பாகு போலக் குறுக்கி, ஆறவைத்து, சமைக்காத சதைப்பகுதியோடு மீண்டும் சேர்த்து அரைக்கவும். தண்ணீர் போய்விட்டது, பழம் தீயைத் தொடவே இல்லை. நேரம் கூடுதலாகும், ஆனால் ஸ்ட்ராபெரி, பீச் போன்ற மென்மையான மணமுள்ள பழங்களுக்கு அந்த நேரம் செலவழிக்கத் தகுந்தது.

மாம்பழக் கூழ் ஏற்கெனவே கெட்டியாக இருப்பதால் பாதியாகச் சுண்ட வைக்க வேண்டியதில்லை. நாரைச் சல்லடையில் வடித்துவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு கூழை மட்டும் லேசான தீயில் வற்ற விட்டு, ஆறியதும் மீதிப் பச்சைக் கூழைக் கலந்துகொள்ளுங்கள். அடர்த்தியும் கிடைக்கும், புதுப் பழத்தின் வாசமும் இருக்கும்.

அன்னாசி, கிவி, பப்பாளி மூன்றிலும் கவனம் தேவை. இவற்றில் புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன. பச்சையாகப் பாலிலோ கிரீமிலோ கலந்து வைத்தால் பால் புரதம் சிதைந்து கசப்பு ஏறும். ஜெலட்டின் சேர்க்கும் முறையாக இருந்தால் அது உறையவும் உறையாது. நன்றாகக் கொதிக்க வைத்தால் நொதி செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது என்பதால் இந்தப் பிரச்சினை இல்லை. நான் அன்னாசியைச் சிறு துண்டுகளாக்கி, சர்க்கரையோடு ஓரங்கள் பழுப்பாகும்வரை வதக்கியே சேர்ப்பேன். அந்த லேசான கருகல் மணம் கிரீமோடு மிக நன்றாகப் பொருந்தும்.

வாழைப்பழம் இதற்கெல்லாம் விதிவிலக்கு. தண்ணீர் குறைவு, சதை வழவழப்பு. தோலில் புள்ளி விழுந்த பழத்தை வில்லைகளாக்கி உறையவைத்து, மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி அடித்தால் கிரீம் இல்லாமலே ஐஸ்கிரீம் பதம் வந்துவிடும். கொய்யாவும் நல்ல தேர்வு, பெக்டின் அதிகம் என்பதால் கூழ் தானாகவே கெட்டிப்படும். விதையை மட்டும் வடித்துவிடுங்கள். தர்பூசணியை இதற்குப் பரிந்துரைக்க மாட்டேன். முக்கால் பாத்திரத் தண்ணீரை ஆவியாக்கிய பிறகு மிஞ்சுவது வெறும் இனிப்புதான், தர்பூசணியின் சுவை இருக்காது. அதைக் குச்சி ஐஸாகச் செய்துகொள்ளலாம்.

பழத் துண்டுகள் தட்டுப்பட வேண்டும் என்று பலர் ஆசைப்படுவார்கள். பச்சைத் துண்டை அப்படியே போட்டால் அது கூழாங்கல் ஆகிவிடும். துண்டுகளை அரை சென்டிமீட்டர் அளவில் பொடியாக நறுக்கி, அவற்றின் எடையில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை போட்டு, ஓரிரவு ஃப்ரிட்ஜில் ஊறவைத்து, வடித்த பிறகே சேர்க்க வேண்டும். சர்க்கரை உள்ளே போயிருப்பதால் துண்டு மெதுமெதுப்பாக உறையும். உறைநிலை உலர்த்தல் முறையில் காயவைத்த பழங்கள் பாக்கெட்டில் கிடைத்தால், அவற்றைப் பொடித்து இரண்டு மூன்று மேசைக்கரண்டி சேர்ப்பது இன்னும் எளிது. தண்ணீரே சேராமல் சுவையும் நிறமும் கூடும்.

சரி, இப்போது ஐஸ்கிரீம். 20 சென்டிமீட்டர் சதுர ட்ரே ஒன்றுக்கான அளவு சொல்கிறேன். சுண்ட வைத்த பழக்கூழ் 250 கிராம், நன்கு குளிர்ந்த விப்பிங் கிரீம் 400 மில்லி, கண்டன்ஸ்டு மில்க் 250 கிராம், பால் பவுடர் 2 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. கிரீமில் கொழுப்பு 35 சதவீதம் அளவில் இருந்தால் நல்லது. 25 சதவீதக் கிரீமை எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது. பாலில்லாத, தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம் என்றால், அதில் பெரும்பாலும் சர்க்கரை சேர்ந்திருக்கும். பாக்கெட்டைப் படித்துவிட்டு கண்டன்ஸ்டு மில்க்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கண்டன்ஸ்டு மில்க் என்பதே தண்ணீர் வற்றிய பாலும் நிறையச் சர்க்கரையும். சர்க்கரை கரைந்த நீர் வெறும் நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும். அதனால் ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலும் ஒரு பகுதி உறையாமல் பாகாகவே இருந்து, ஐஸ்கிரீமை மெதுவாக வைத்திருக்கும். உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைப்பவர்களுக்குக் கல் போன்ற ஐஸ்கிரீம் கிடைப்பது இதனால்தான். பால் பவுடர் மிச்சமிருக்கும் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அடித்த கிரீமிலுள்ள காற்று, மெஷின் செய்யும் வேலையைச் செய்கிறது.

பழக்கூழ் ஃப்ரிட்ஜில் வைத்த குளிர்ச்சியோடு இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால்கூட அடித்த கிரீம் இளகிக் கீழே உட்கார்ந்துவிடும். பழக்கூழ், கண்டன்ஸ்டு மில்க், பால் பவுடர், உப்பு நான்கையும் கட்டியில்லாமல் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். கிரீமைத் தனியாக அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து சாயும் பதத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அடித்தால் வெண்ணெய் திரளத் தொடங்கி, சாப்பிடும்போது மேல் அண்ணத்தில் கொழுப்பு ஒட்டும். அடித்த கிரீமில் கொஞ்சத்தை எடுத்துப் பழக் கலவையில் போட்டுக் கலக்கி அதை இளக்கிக்கொண்டு, மீதியை அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துச் சேர்க்கவும். சுவை பாருங்கள். இந்த நிலையில் கொஞ்சம் திகட்டும் அளவுக்கு இனிப்பு இருந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பும் மணமும் மந்தமாகத்தான் தெரியும்.

கோடுகோடாகப் பழம் ஓட வேண்டும் என்றால், கூழில் ஒரு பங்கைத் தனியே எடுத்து இன்னும் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து ஜாம் பதத்துக்குக் காய்ச்சி வையுங்கள். கடையில் வாங்கிய நல்ல ஜாமும் போதும். ஜாமில் சர்க்கரை மிக அதிகம் என்பதால் அது ஃப்ரீசரில் இறுகாது. பேஷன் ஃப்ரூட் போன்ற கடும் புளிப்புப் பழங்களை முழுக்கக் கலப்பதைவிட இப்படிக் கோடாக விடுவதே நன்றாக இருக்கும்.

அடுத்தது பிஸ்கட். இங்கே பலர் மொறுமொறுப்பான பிஸ்கட்டைத் தேடிப் போகிறார்கள், பிதுங்குவதற்கு அதுதான் காரணம். கெட்டியான பிஸ்கட்டை உடைக்கப் பல் கொடுக்கும் அழுத்தம் மெதுவான ஐஸ்கிரீமை வெளியே தள்ளிவிடும். இரண்டும் ஒரே அழுத்தத்தில் இறங்க வேண்டும். ஆகவே தனியாகச் சாப்பிட்டால் கொஞ்சம் மெத்தென்று, இன்னும் இரண்டு நிமிடம் வெந்திருக்கலாமே என்று தோன்றுகிற பிஸ்கட்தான் இங்கே சரியானது. முழுக்க வெண்ணெயில் செய்தது குளிரில் இறுகும், வெண்ணெயே குளிரில் இறுகும் பொருள் அல்லவா. அதில் ஒரு பகுதியை எண்ணெயாக மாற்றினால் இந்தக் குறை போய்விடும். பழுப்புச் சர்க்கரையும் தேனும் ஈரத்தைப் பிடித்துவைத்து மென்மையைக் காக்கும்.

முட்டையில்லாத ஒரு அளவு தருகிறேன். உப்பில்லாத வெண்ணெய் 80 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 30 மில்லி, பழுப்புச் சர்க்கரை 100 கிராம், தேன் ஒரு தேக்கரண்டி நான்கையும் ஒன்றாகக் குழைத்து, பால் 45 மில்லி, வெனிலா கொஞ்சம் சேர்க்கவும். மைதா 170 கிராம், சமையல் சோடா கால் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு சலித்துப் போட்டு, மாவு தெரியாத அளவுக்குக் கலந்தால் போதும். அழுத்திப் பிசைந்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். எலுமிச்சை அல்லது ஆரஞ்சுத் தோலின் மேல்பகுதியை மட்டும் துருவி இதில் சேர்த்தால் பழ ஐஸ்கிரீமுக்கு அப்படியொரு பொருத்தம். தோலின் மணமெல்லாம் எண்ணெயில் இருப்பதால் தண்ணீர்ப் பிரச்சினையும் வராது.

மாவைச் சரிபாதியாகப் பிரித்து, ஐஸ்கிரீமை எந்த ட்ரேயில் அடுக்கப் போகிறீர்களோ அதே ட்ரேயில், பட்டர் பேப்பர் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தகடுகளாக வேகவைத்து எடுங்கள். அளவு கச்சிதமாகப் பொருந்தும், வெட்டி வீணாக்க வேண்டாம். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகக் கூடாது. ஈரக் கரண்டியின் பின்புறத்தால் சமமாகப் பரப்பி, முள்கரண்டியால் வரிசையாகக் குத்தி விடுங்கள். நீராவி அந்த வழியாகப் போய்விடுவதால் தகடு உப்பாமல் தட்டையாக வரும். 170 டிகிரியில் சூடாக்கிய ஓவனில் 10 முதல் 12 நிமிடம். ஓரம் லேசாக நிறம் மாறி, நடுவில் தொட்டால் அமுங்கும்போதே எடுத்துவிடுங்கள். முழுக்க ஆறிய பிறகு அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். சூடான தகட்டின் மேல் ஐஸ்கிரீம் போட்டால் எல்லாம் ஓடிவிடும் என்று சொல்லவே வேண்டாம்.

ஓவன் இல்லாதவர்கள் மெல்லிய கோதுமை பிஸ்கட்டை வாங்கிப் பயன்படுத்தலாம். செய்த உடனே சாப்பிடாமல் ஓரிரவு விட்டால் ஐஸ்கிரீமின் ஈரத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு தானே மெதுவாகும். மெல்லியதாக வெட்டிய ஸ்பாஞ்ச் கேக்கும் நன்றாக வரும்.

அடுக்குவதற்கு ட்ரேயில் இரண்டு பட்டர் பேப்பர் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக, நுனிகள் வெளியே தொங்கும்படி போடுங்கள். முதல் தகட்டைத் தட்டையான அடிப்பக்கம் மேலே பார்க்க வையுங்கள். அதன் மேல் உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசிவிட்டால் ஈரம் உள்ளே இறங்காது. மேல் தகட்டின் உட்பக்கத்துக்கும் இதே பூச்சு. பழம் புளிப்பாக இருந்தால் இந்த வெள்ளைச் சாக்லேட் சுவைக்கும் கைகொடுக்கும். பூச்சு இறுகியதும் ஐஸ்கிரீம் கலவையை இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றிச் சமன் செய்து, மேல் தகட்டை வைத்து உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். கலவை கொஞ்சம் மிஞ்சினால் கிண்ணத்தில் போட்டு உறையவைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு வேகமாக உறைகிறதோ அவ்வளவு சிறிய படிகங்கள் உருவாகும், அவ்வளவு வழவழப்பு. இந்த விஷயத்தில் சாண்ட்விச்சுக்கு ஒரு சாதகம் உண்டு. டப்பாவில் ஊற்றிய ஐஸ்கிரீம் நடுவில் உறைய வெகு நேரமாகும், ட்ரேயில் மெல்லியதாகப் பரப்பியது சீக்கிரம் உறையும். உலோக ட்ரே, ஃப்ரீசரின் உள்பக்கச் சுவரை ஒட்டிய இடம், பக்கத்தில் சூடான எதுவும் இல்லாமை, இவை மூன்றும் உதவும். குறைந்தது 6 மணி நேரம். ஓரிரவு விட்டால் வெட்டுவது சுலபம்.

வெட்டும்போது பேப்பர் நுனிகளைப் பிடித்து முழுத் தகட்டையும் தூக்கி, குளிர்ந்த பலகையில் வையுங்கள். நீளமான கத்தியைக் கொதிநீரில் முக்கி, துடைத்து, அறுக்காமல் நேராகக் கீழே அழுத்துங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மீண்டும் முக்கித் துடைக்க வேண்டும். 5-க்கு 10 சென்டிமீட்டர் அளவில் 8 துண்டுகள் வரும், குழந்தைகளுக்கு 5 சென்டிமீட்டர் சதுரமாக 16. வெட்டியதும் ஓரங்கள் லேசாக இளகியிருக்கும். பழப்பொடியிலோ வறுத்துப் பொடித்த பருப்புகளிலோ ஓரத்தைப் புரட்ட அதுதான் சமயம். உடனே அரை மணி நேரம் மறுபடி ஃப்ரீசருக்குள் போக வேண்டும். வெயில் கடுமையாக இருக்கும் நாளில் நாலு துண்டு வெட்டி உள்ளே வைத்துவிட்டு அடுத்ததை வெட்டுங்கள்.

பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் போகாத டப்பாவிலோ ஜிப் பையிலோ அடுக்குங்கள். ஃப்ரீசர் கதவில் வைக்காதீர்கள். கதவு திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் உருகி மறுபடி உறைந்து, சின்னப் படிகங்கள் பெரிதாகிக்கொண்டே போகும். இரண்டு வாரத்துக்குள் சாப்பிட்டால் சுவை முழுதாக இருக்கும், அதற்கு மேல் மணம் குறைந்து மற்ற உணவுகளின் வாடை ஏறும். முழுக்க உருகிவிட்டதை மறுபடி உறையவைக்க வேண்டாம்.

பால் சேர்க்காதவர்களுக்கு இதே முறை கெட்டியான தேங்காய்ப் பாலில் நடக்கும். ஓரிரவு ஃப்ரிட்ஜில் வைத்து, மேலே திரண்ட கெட்டிப் பகுதியை மட்டும் எடுத்து அடித்து, தேங்காய்ப் பாலில் செய்த கண்டன்ஸ்டு மில்க்கைச் சேர்க்க வேண்டும். தகட்டில் வெண்ணெய்க்குப் பதில் தாவர வெண்ணெய், பாலுக்குப் பதில் தேங்காய்ப் பால், பூச்சுக்குப் பாலில்லாத கறுப்புச் சாக்லேட் என்று மாற்றிக்கொள்ளலாம். மாம்பழமும் அன்னாசியும் தேங்காயோடு நன்றாகச் சேரும், ஸ்ட்ராபெரிக்குக் கிரீம்தான் பொருத்தம் என்பது என் எண்ணம். தேங்காய்ப் பாலில் செய்தது சற்றுக் கூடுதலாக இறுகும் என்பதால் பரிமாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள், கிரீமில் செய்ததற்கு இரண்டு மூன்று நிமிடம் போதும்.